சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போன இன்டர்வியூ

1. கப்பலுக்குக் கொடுத்த பெயர்

“கப்பலுக்குப் பேர் குடுத்துட்டு வந்துட்டேன்” என்று அப்பா சொன்னபோது அம்மா கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. கப்பல் வரவு குறைந்துவிட்டது. அப்பா தொங்காங் படகுகளில் மூட்டை இறக்கும் ஆட்களுக்குத் தண்டல், அதாவது அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். மூட்டையே இல்லை என்றால் தண்டலுக்கு என்ன வேலை? வேலை இழந்தவர்களை லேபர் ஆபீசில் இலவசமாக நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சுங்கை பினாங்கில் எங்கள் வரிசையில் பாதி வீடு காலியாகிவிட்டது.

அம்மா கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். நான் பினாங்கில் பிறந்தவன். எங்கள் இருவருக்கும் இந்தியா என்பது அப்பா சொல்லும் பேச்சுதான். அங்கே அப்பாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரு தம்பி. அவரும் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு, கடுதாசி போடுவதை நிறுத்திவிட்ட தம்பி.

“அங்க போயி யார் வாசல்ல நிக்கிறது?” என்று அம்மா கேட்டாள்.

“இவனுக்கு ஒரு வேல கெடச்சா பேர அடிச்சிரலாம். இல்லாட்டி ஏற வேண்டியதுதான்” என்றார் அப்பா.

இவன் என்றால் நான். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஸ்டாண்டர்டு இங்கிலீஷ் தேறியவன். டைப் அடிக்கத் தெரியும். வயதுப் பிள்ளை, அரும்பு மீசை, வீட்டில் சும்மா இருந்தேன். ஆகவே மூன்று பேரும் இந்த மண்ணில் இருப்பதா, கப்பல் ஏறுவதா என்பது என் தலையில் வந்து விழுந்தது. இப்போதுள்ள பிள்ளைகள் இன்டர்வியூ சரியாக அமையவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது எனக்கு அந்தக் கருவாட்டுச் சட்டிதான் ஞாபகம் வரும்.

2. நாளைக்கு வா

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் பில் கிளார்க் வேலை காலி என்று அடுத்த வீட்டு முத்தையா அண்ணன் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். எங்கள் வரிசையிலேயே சப்பாத்து வைத்திருந்த ஒரே ஆள். அந்தச் சப்பாத்தையும் கொடுத்தார்.

“கிளார்க்கு வேலைக்குப் போறவன் வெறுங்கால்ல போகக் கூடாதுலா. இத மாட்டிக்க. கொஞ்சம் பெரிசு. முன்னால பேப்பர் அடச்சுக்க.”

பேப்பர் அடைத்துக்கொண்டேன். கழுத்து வரை பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. பெரிய மனிதர் முன்னால் வெறும் தலையோடு போகக் கூடாது என்று அப்பா தன் கையாலேயே எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார்.

கம்பெனியின் பெரிய கிராணி நல்லதம்பி ஐயா. கிளார்க்குகளுக்கெல்லாம் தலைவர் அவர். மூக்குப்பொடி போடுவார். துரை இருமினால்கூட எழுந்து நின்றுவிடுவார். அவ்வளவு பயம். அவரிடம் பெயரைச் சொன்னேன்.

“தொரைக்கு இன்னைக்கு நேரமில்ல. நாளைக்கு வா” என்றார்.

மறுநாள் போனேன். துரை கப்பலுக்குப் போயிருந்தார். அதற்கு மறுநாள் துரைக்குத் தலைவலி. அப்புறம் வெள்ளைக்காரப் பண்டிகை. இப்படியே நாள் ஓடியது. காலையில் சுங்கை பினாங்கிலிருந்து சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பேன். பீச் ஸ்ட்ரீட் முனையில் மாட்டிக்கொள்வேன். கம்பெனி வாசல் அஞ்சடி நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மாலையில் எழுந்து வருவேன். தினமும் அம்மா வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். கேட்டுத் தொலைத்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பெஞ்சில் எனக்குத் துணை அப்துல் காதர். சூலியா ஸ்ட்ரீட்டில் அவன் வாப்பாவுக்குச் சின்னதாக ஒரு சாமான் கடை. கடைக்கு அண்ணன் இருந்ததால் இவனை உத்தியோகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வேலைக்குத்தான் அவனும் வந்திருந்தான். அவன் காலிலும் இரவல் சப்பாத்துதான். மச்சானுடையது.

“உங்களுக்குப் பெரிசு. எனக்குச் சிறுசு. மாத்திக்குவமா?” என்று சிரித்தான்.

மாற்றிப் பார்த்தோம். என் காலுக்கு அவனுடையது அளவாக இருந்தது. அவனுக்கு என்னுடையது நடந்தால் கழன்றது. இரவல் பொருளை மாற்றினால் வம்பு என்று திரும்ப அவரவருடையதையே போட்டுக்கொண்டோம். அவன் சப்பாத்துக்குள் காலைத் திணிக்கப் பட்ட பாடு இருக்கிறதே, ஜாகாக்காரர்கூடக் காவலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

3. இன்டர்வியூ

ஒரு நாள் திடீரென்று நல்லதம்பி ஐயா வெளியே வந்து, “வேலுசாமி, மேல போ. தொரெ கூப்புடுறாரு” என்றார்.

மரப்படி ஏறினேன். துரையின் அறைக் கதவு திறந்திருந்தது. தரை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. வாசலில் நின்றேன். சப்பாத்தைக் கழற்றினேன். பேப்பரை உள்ளே தள்ளிவிட்டு, ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஏன் கழற்றினாய் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். கேள்வியே எனக்குப் புரியவில்லை. வீட்டில் கழற்றுவோம், கோயிலில் கழற்றுவோம், செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கழற்றுவோம். அப்பா துறைமுக வார்ப்பு ஆபீசுக்குள் போகும்போது செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுத்தான் போவார். பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போனதே வெறுங்காலோடுதான். பெரிய மனிதர் இருக்கிற இடத்துக்குள் சப்பாத்தோடு நுழைவதற்கு என் கால் எங்கே கற்றிருந்தது?

துரை தலை நிமிர்ந்து பார்த்தார். பார்வை என் தலைப்பாகைக்குப் போயிற்று. அங்கிருந்து நேரே காலுக்கு இறங்கியது. முகத்தில் அது தங்கவே இல்லை.

சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று மலாயில் கேட்டார்.

தெரியும் சார் என்று இங்கிலீஷில் சொன்னேன். கூடவே ஏழாம் ஸ்டாண்டர்டு தேறியதையும், டைப் அடிக்கத் தெரியும் என்பதையும் ஒப்பித்தேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாசகம்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பேங்க் எங்கே, கஸ்டம்ஸ் ஆபீஸ் எங்கே, படகு ஜெட்டி எங்கே என்று மறுபடி மலாயிலேயே கேட்டார். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். “பாகுஸ்” என்றார். நல்லது என்று அர்த்தம். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

படி இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துரைக்கு மலாய் பேச ஆசை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். சந்தேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அடுத்து காதர் மேலே போனான். அவனுக்கு இல்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா அன்றே லேபர் ஆபீசுக்குப் போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தார். அம்மா வரிசை முழுக்கக் கேசரி கொடுத்தாள். சனிக்கிழமை கப்பல் போனது. தெரிந்தவர்களை வழியனுப்பக் கரையில் நின்றோம். அம்மா என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

4. காக்கி

திங்கட்கிழமை நல்லதம்பி ஐயா எனக்கு ஒரு காக்கிச் சட்டை, ஒரு சிவப்புத் துணி பெல்ட்டு, ஒரு தோல்பை மூன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தார்.

“சைக்கிள் பின்னால நிக்குது. மொதல்ல பேங்குக்குத் தப்பால் கொண்டு போ” என்றார்.

“ஐயா, நான் பில் கிளார்க்கு வேலைக்கு வந்தவன்.”

“கிளார்க்கா? தொரெ ஒன்ன தப்பால் பியூன்னுதானே எடுத்தாரு?”

“பியூன் வேல காலின்னே எனக்குத் தெரியாதுங்க ஐயா.”

“அது ரெண்டு மாசமா காலி. வெறுங்கால் ஆளுன்னுதான் தொரெயும் சொன்னாரு. வெறுங்கால்ல, தலப்பா கட்டிக்கிட்டு வந்து நிக்கிறவன வேற எதுக்கு எடுப்பாங்க?”

“சப்பாத்து இருந்துச்சுங்க. வாசல்ல கழட்டி வெச்சுட்டுப் போனேன்.”

நல்லதம்பி ஐயா பொடி எடுத்த விரலை மூக்கருகே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“அட பாவி. அவங்க ஊர்ல மரியாதைன்னா தொப்பியக் கழட்டுவாங்க. காலத் தொட மாட்டாங்க. நீ தலைய மூடிக்கிட்டு காலத் தொறந்துட்டுப் போயிருக்க. சப்பாத்து போட்டவன் கிளார்க்கு, போடாதவன் பியூன். அந்த ஆளுக்கு அவ்ளோதான் கணக்கு. மலாய்ல பேசுனாரா?”

“ஆமாங்க.”

“கிளார்க்குன்னா இங்கிலீஷ்ல பேசியிருப்பாரு.”

“நீங்க மேல போயிச் சொல்லுங்க ஐயா.”

“நானா? தொரெகிட்ட போயி, தொரெ தப்புப் பண்ணிட்டீங்கன்னு நான் சொல்லணுமா?” என்றார். அதோடு பொடியைப் போட்டுத் தும்மினார். பேச்சு முடிந்தது.

அப்போதுதான் பார்த்தேன். பில் மேசையில் காதர் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். மதியம் தேடி வந்து சொன்னான்.

“நானும் வாசல்ல குனிஞ்சேன் வேலு. கழட்டத்தான் பாத்தேன். வரல. கால் வீங்கிப் போச்சு. கழட்டுனா திரும்ப ஏறாதுன்னு பயந்துகிட்டு அப்படியே போயிட்டேன். அல்லாவே, மரியாத இல்லாத பயன்னு தொரத்திருவாருன்னு நெனச்சேன். ஒக்காருன்னு நாற்காலியக் காட்டுனாரு.”

இதுதான் நடந்தது. என் சப்பாத்து தளர்ச்சி. அவன் சப்பாத்து இறுக்கம். எங்கள் உத்தியோகத்தை முடிவு செய்தது அதுதான். காதர்மேல் கோபப்படலாமென்று எவ்வளவோ முயன்றேன். நொண்டிக்கொண்டே எனக்குத் தேநீர் வாங்கி வந்தவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

வேண்டாம் என்று பையை வீசிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கப்பல் போய்விட்டது, அப்பாவுக்கு வேலை இல்லை. காக்கியை மாட்டிக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது அப்பா, “நாந்தானே தலப்பா கட்டிவிட்டேன்” என்று மட்டும் சொன்னார். அந்தத் தலைப்பாகையை அவர் அப்புறம் கட்டவே இல்லை.

5. சத்தம் போடும் பியூன்

துரைக்கு நான் ‘சாமி’. இரண்டு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் அவர் அறைக்குள் போய்வந்தேன். பியூன் நேர் எதிரே நிற்கக் கூடாது. பக்கவாட்டில் வந்து தட்டில் தப்பாலை வைத்துவிட்டு, கையெழுத்தானதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். “சாமி, லெகாஸ்” என்பார். சீக்கிரம் என்று பொருள். வெயிலோ மழையோ, டவுன் முழுக்கச் சைக்கிளில் சுற்றினேன். மீசை தடித்தது, முகம் கறுத்தது. வேலை கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காதர் அடிக்கும் பில்லில் ஒரு தப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் விரல் துடிக்கும்.

வியாபாரம் மெல்லத் தலைதூக்கியது. இன்னொரு பில் கிளார்க் தேவைப்பட்டான். காதர் விடாமல் நச்சரித்ததில் நல்லதம்பி ஐயா துணிந்து, நம்ம பியூன் ஏழாம் ஸ்டாண்டர்டு தேறியவன் என்று துரையிடம் சொல்லிவிட்டார். துரை கூப்பிட்டார்.

இந்த முறை ஏமாறக் கூடாதென்று முத்தையா அண்ணனின் சப்பாத்தை மறுபடி வாங்கி, காக்கிக்குக் கீழே போட்டுக்கொண்டு டக்டக்கென்று போனேன். துரை எழுதிக்கொண்டிருந்தவர் காதைத் திருப்பினார். அப்புறம் காலைப் பார்த்தார்.

“பியூனுக்கு எதற்குச் சப்பாத்து? தலை வலிக்கிறது. கழற்றச் சொல்” என்று பக்கத்தில் நின்ற நல்லதம்பி ஐயாவிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். இன்டர்வியூ அவ்வளவுதான்.

கழற்றியது குற்றம், மாட்டியதும் குற்றம். அன்று கோடவுன் பின்பக்கம் போய் நின்றுகொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன். அந்த ஆள் என்னை ஒரே ஒரு கேள்வி, ஒரு பில்லில் என்னென்ன வரும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூடப் போதும். பதில் தெரியாமல் தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

6. புது ஆள்

வழி சொன்னவன் காதர்.

“வேலு, பியூன் சாமிக்கு இந்த வேல கெடைக்காது. வெளியேருந்து ஒருத்தன் வந்தா கெடைக்கும். நீ வெளியேருந்து வா.”

“பைத்தியமா ஒனக்கு? தெனம் பாக்குறாருடா என்னைய.”

“எங்க பாக்குறாரு? எப்பவாச்சும் ஒன் மூஞ்சியப் பாத்திருக்காரா, சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

நல்லதம்பி ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னோம். “மாட்டுனா மூணு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிரும்” என்றார். எனக்கும் பயம்தான். அப்பாவுக்கு அப்போது இளைப்பு நோய். என் பியூன் வேலை போனால் மறுபடி லேபர் ஆபீஸ், மறுபடி கப்பல். இந்த முறை அப்பா கரை சேர மாட்டார் என்று அம்மாவுக்கும் தெரியும். வீட்டில் கேட்டேன். அம்மாதான் சொன்னாள்: “போயிட்டு வா. பயந்து பயந்து இங்க இருக்கறதுக்கு அங்கயே போயிரலாம்.”

நல்லதம்பி ஐயா எப்படியோ மனம் இரங்கினார். பியூனுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக்கொண்டார். நான் மீசையை எடுத்தேன். தலைக்கு வாசனை எண்ணெய் தடவி வகிடெடுத்தேன். காதர் தன்னுடைய பழைய சப்பாத்தைக் கொண்டுவந்தான். மச்சான் அதை அவனுக்கே கொடுத்திருந்தார். இப்போது அவன் அதைப் போடுவதில்லை. என் காலுக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

அதே மரப்படி. அதே கதவு. வாசலுக்கு வந்ததும் என்னை அறியாமல் குனிந்துவிட்டேன். விரல் கயிற்று முடிச்சைத் தொட்டுவிட்டது. பின்னால் கோப்போடு நின்ற காதர் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தினான்.

“கைய எடுறா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

உள்ளே போனேன். வெறும் தலை, மூடிய கால். துரை என்னைப் பார்த்தார். முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“குட்மார்னிங். உட்காரு, மிஸ்டர்...” என்று நாற்காலியைக் காட்டினார்.

“வேலு, சார்.”

படிப்பைக் கேட்டார். டைப் கேட்டார். பில்லில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டார். எல்லாம் இங்கிலீஷில். இத்தனை காலம் நான் காத்திருந்த கேள்விகள். பதில் சொல்லச் சொல்ல அவருக்குத் திருப்தியாக இருந்தது. இந்தத் தொழில் இவ்வளவு தெரிந்திருக்கிறதே, எங்கே கற்றாய் என்றார். பீச் ஸ்ட்ரீட்டில்தான் சார் என்றேன். வேலை கொடுத்தார்.

7. சாமி எங்கே?

இரண்டு வாரம் போயிருக்கும். கையெழுத்துக்குப் பில் கட்டை எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தேன். நல்லதம்பி ஐயாவும் இருந்தார். துரை தப்பால் தட்டைப் பார்த்துவிட்டு, “அந்தச் சாமி எங்கே? காணவே இல்லையே” என்றார்.

நல்லதம்பி ஐயாவுக்கு வியர்த்தது. ஆனாலும் கூசாமல் சொன்னார்: “நாகப்பட்டினம் கப்பலில் ஊருக்குப் போய்விட்டான், சார்.”

துரை பேனாவைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியாது, வேலு. நல்ல ஆள் ஒருவன் இருந்தான். ஒரு நாள்கூடத் தப்பால் தாமதமானதில்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டானே” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் வெளியே வந்து காதரோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

பல வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். நியாயமாகத்தான் நடத்தினார். சீமைக்குத் திரும்பும் நாளில் எல்லாருக்கும் கைகொடுத்தார். என் கையைப் பிடித்தபடி, “அந்தச் சாமியைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா?” என்று கேட்டார்.

“இல்லை, சார்” என்றேன்.

நல்லதம்பி ஐயாவுக்குப் பிறகு காதர் பெரிய கிராணியானான். அவனுக்குப் பிறகு நான். ஆள் எடுக்கும் நாற்காலியில் நானும் வெகுகாலம் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. வந்தவரை முதலில் உட்காரச் சொல்வேன், முகத்தைப் பார்ப்பேன், எந்த வேலைக்கு வந்தீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பேன். பியூன் வேலைக்கு வந்தவரையும் எதுவரை படித்தீர்கள் என்று கேட்பேன். ஒருத்தரைப் பார்த்து முடிக்க இவ்வளவு நேரமா என்று மேலே இருந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும்.

அப்படியும் சில பிள்ளைகள் வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்து நிற்கும். போய்ப் போட்டுக்கொண்டு வா என்று ஒருத்தரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. நானும் மேசைக்கு அடியில் என் சப்பாத்தைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, “உட்காருங்க தம்பி” என்பேன்.